டீ கிளாஸா, சலூன் பிளேடா: எச்.ஐ.வி. பயத்தைச் சரிபார்ப்பது எப்படி?

கடலூர் பஸ் ஸ்டாண்டில் சரியாகக் கழுவாத டீ கிளாஸ், புதுச்சேரி பஸ்ஸில் வியர்வையோடு ஒட்டி உட்கார்ந்தவர், பொதுக் கழிப்பறை. இவற்றை நினைத்துத் தூக்கம் கெடுகிறதா? இரண்டே கேள்வி கேளுங்கள். பட்டது எந்தத் திரவம்? அது எந்த வழியாக உள்ளே போனது?

ரத்தம், விந்து, பெண்ணுறுப்பு மற்றும் ஆசனவாய்த் திரவம், தாய்ப்பால் இவற்றால்தான் எச்.ஐ.வி. பரவும். எச்சில், வியர்வை, கண்ணீரால் பரவாது. காயமில்லாத தோலில் ரத்தமே பட்டாலும் சோப்புப் போட்டுக் கழுவினால் போதும்.

"டெங்குவைப் பரப்பும் கொசு இதைப் பரப்பாதா?" என்பார்கள். நியாயமான கேள்விதான். டெங்கு வைரஸ் கொசுவின் உடலில் பெருகி அதன் எச்சிலுக்கு வந்து சேரும். எச்.ஐ.வி. அங்கே பெருகாது, வயிற்றிலேயே செரித்துப் போகும். கொசு கடிக்கும்போது நமக்குள் விடுவது தன் எச்சிலை மட்டுமே, முன்பு குடித்த ரத்தத்தை அல்ல.

சலூனில் புது பிளேடைக் கண்ணெதிரே மாட்டச் சொல்லுங்கள். ஆனால் அங்கே பயப்பட வேண்டியது கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி வைரஸுக்குத்தான். காய்ந்த ரத்தத்திலும் அது 7 நாள் வரை தாங்கும். அதற்குத் தடுப்பூசி உண்டு: 0, 1, 6 என்ற மாதக் கணக்கில் 3 ஊசி.

சில்வர் பீச் மணலில் கிடந்த ஊசி காலில் குத்திவிட்டதா? பிதுக்காதீர்கள், வாயால் உறிஞ்சாதீர்கள், ஸ்பிரிட் ஊற்றாதீர்கள். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு அரசு மருத்துவமனைக்குப் போங்கள். மருத்துவமனையில் எச்.ஐ.வி. உள்ளவரின் ரத்தம் இருந்த ஊசி குத்தினாலே தொற்றும் வாய்ப்பு 1000-க்கு 3 அளவுதான். வெயிலில் காய்ந்த ஊசியில் அதைவிடவும் மிகக் குறைவு. தடுப்பு மருந்து தேவையா என்பதை மருத்துவர் முடிவு செய்வார். தேவைப்பட்டால் 72 மணி நேரத்துக்குள், முடிந்தால் முதல் சில மணி நேரத்திலேயே தொடங்கி, 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். நடுவில் நிறுத்துவதுதான் பலர் செய்யும் தப்பு.

காய்ச்சல், தடிப்பு என்று இணையத்தில் அறிகுறி தேடுவது வீண். சாதாரண வைரஸ் காய்ச்சலுக்கும் அதே அறிகுறிகள்தான். அரசு மருத்துவமனை நம்பிக்கை மையத்தில் இலவசமாக, ரகசியமாகப் பரிசோதிக்கலாம். மறுநாளே எடுத்தால் எதுவும் தெரியாது. சம்பவம் நடந்து 3 மாதம் கழித்து எடுத்ததில் நெகட்டிவ் என்றால் அதோடு விடுங்கள். பயத்துக்காக மாதாமாதம் பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்க வேண்டாம். பேச வேண்டுமென்றால் உதவி எண் 1097, கட்டணமில்லை.

வீட்டில் எச்.ஐ.வி. உள்ளவர் இருந்தால் தட்டு, துணி, கழிப்பறை எதையும் தனியாகப் பிரிக்க வேண்டாம். ரேசரும் டூத் பிரஷும் மட்டும் அவரவருக்குத் தனி. தரையில் ரத்தம் சிந்தினால் கையுறை போட்டு, பழைய துணியால் மூடி, லிட்டருக்கு 15 கிராம் பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரை ஊற்றி, 10 நிமிடம் கழித்துத் துடையுங்கள். நெடி போன பழைய பவுடர் வேலை செய்யாது.