லவுட்டர்புருன்னன் கிராமத்தை நடந்தே பார்ப்பது எப்படி

சுவிட்சர்லாந்தின் இன்டர்லாக்கன் ஊரிலிருந்து ரயிலில் இருபதே நிமிடம்தான், அதனால் காலையிலேயே லவுட்டர்புருன்னன் போய் இறங்கிவிடுங்கள், கூட்டம் வருவதற்குள் ஷ்டவுப்பாக் அருவியை நிம்மதியாகப் பார்த்துவிடலாம். கிட்டத்தட்ட 300 மீட்டர் உயரம். தண்ணீர் தரைக்கு வருவதற்குள் காற்றில் தூள்தூளாகச் சிதறிவிடும். ஜெர்மன் மொழியில் ஷ்டவுப் என்றால் தூசி, பெயரே அதிலிருந்து வந்ததுதான். 1779இல் ஜெர்மன் கவிஞர் கதே இங்கே வந்து இதைப் பார்த்துக் கவிதை எழுதியிருக்கிறார். கோடையில் அருவிக்குப் பின்னால் பாறையைக் குடைந்த வழியில் ஏறிப் போகலாம், கட்டாயம் போங்கள்.

அப்புறம் ஆற்றோரமாகவே சமதரையில் மூன்று கிலோமீட்டர் நடந்தால் ட்ரூம்மல்பாக். மலைக்குள்ளேயே பத்து அருவிகள்! ஐகர், மோன்ச், யுங்ஃப்ராவ் என்ற மூன்று மலைகளின் பனி உருகிய நீரும் இதன் வழியாகத்தான் இறங்குகிறது, நொடிக்கு 20,000 லிட்டர் வரை. கைப்பிடிக் கம்பியைப் பிடித்து நின்றால் அந்த அதிர்வு உள்ளங்கையில் தெரியும். உள்ளே குளிரும், படிகள் ஈரமாக இருக்கும், ரெயின்கோட்டும் வழுக்காத ஷூவும் இல்லாமல் போகாதீர்கள். குளிர்காலத்தில் மூடிவிடுவார்கள்.

கால் வலிக்கவில்லை என்றால் லவுட்டர்புருன்னனுக்குத் திரும்பி, கேபிள் காரில் மேலே க்ரூட்ஷால்ப் ஏறி, அங்கிருந்து கார்கள் ஓடாத ம்யூரன் கிராமம் வரை நடங்கள். ஒன்றே கால் மணி நேரம், எதிரே முழுக்கப் பனிமலை. மஞ்சள் பலகை சாதாரணப் பாதை. வெள்ளை-சிவப்பு-வெள்ளைக் கோடு போட்டிருந்தால் கரடுமுரடான மலைப்பாதை, குழந்தைகளோடு அந்தப் பக்கம் வேண்டாம்.