சயாகா முராட்டாவை எங்கிருந்து தொடங்குவது?

ஜப்பானிய எழுத்தாளர் சயாகா முராட்டாவின் ‘லைஃப் செரிமனி’ தொகுப்பு 2022-இல் ஆங்கிலத்தில் வந்தது. அதை வரிசையாகப் படிக்காதீர்கள். முதல் கதையிலேயே மனித முடியில் பின்னிய ஸ்வெட்டர், எலும்பில் செய்த மேசை நாற்காலி எல்லாம் சாதாரணப் பொருட்கள். சிலர் அங்கேயே மூடிவைத்துவிடுவார்கள். ‘எ மாக்னிஃபிசென்ட் ஸ்ப்ரெட்’ கதையில் தொடங்குங்கள். ஒரே மேசையில் ஆளுக்கொரு விசித்திர உணவு, அடுத்தவர் தட்டைப் பார்த்து எல்லாருக்கும் அருவருப்பு. சிரித்துக்கொண்டே முராட்டாவின் போக்கு பிடிபட்டுவிடும். தலைப்புக் கதையைக் கடைசிக்கு வையுங்கள். அதில் இறந்தவரைச் சமைத்துச் சாப்பிடுவதுதான் இறுதிச் சடங்கு. இரண்டு கதைகளுக்கு நடுவே ஒரு நாளாவது இடைவெளி விடுங்கள். அப்புறம், சாப்பாட்டு நேரத்தில் மட்டும் வேண்டவே வேண்டாம்!