டுவத்லான் முடிவுப் பட்டியலில் ஆண், பெண் கணக்கு எடுப்பது எப்படி?

டுவத்லான் என்றால் ஓட்டம், சைக்கிள், மறுபடியும் ஓட்டம் என்று மூன்று பகுதி கொண்ட போட்டி. மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட் ஞாயிற்றுக்கிழமைக் குழுவில் பெண்கள் நிறையப் பேர் உண்டு. விடியற்காலையில் செம்பனைத் தோட்டத்துச் சாலையில் ஓடி, கோலகங்சார் பக்கம் சைக்கிள் மிதித்துவிட்டுத் திரும்புவோம். ஆனால் போட்டி ஏற்பாட்டாளரிடம் பெண்களுக்கு இன்னொரு வயதுப் பிரிவு வையுங்கள் என்று கேட்டால், "பெண்கள் எங்கே வர்றாங்க? வந்தாலும் நேரம் ரொம்பத் தள்ளி இருக்கே!" என்கிறார்கள். அவர்கள் வெளியிடும் முடிவுப் பட்டியலிலேயே இதற்குப் பதில் இருக்கிறது. அதை எண்ணாக எடுத்துக் காட்டினால்தான் பேச்சு நகரும். எடுக்கும் வழியைச் சொல்கிறேன்.

கூகுள் ஷீட்ஸில் கோப்பு திறப்பது, பத்தி சேர்ப்பது, வரிசைப்படுத்துவது எல்லாம் தெரிந்திருக்கும் என்று வைத்துக்கொள்கிறேன். கைப்பேசியில் செய்ய முயலாதீர்கள், கண்ணும் போகும், பொறுமையும் போகும்.

1. பிடிஎஃப்பை அட்டவணையாக்குதல்

பட்டியல் பெரும்பாலும் பிடிஎஃப் கோப்பாகத்தான் வரும். டபுலா என்ற இலவச மென்பொருளைப் பயன்படுத்துங்கள். அது நம் கணினியிலேயே வேலை செய்யும், பட்டியல் வெளியே போகாது. இணையத்தில் கோப்பை ஏற்றி மாற்றித் தரும் தளங்கள் எனக்குப் பிடிக்காது. மற்றவர்களின் பெயரும் வயதும் அதில் இருக்கின்றன, அதை யாரிடமோ கொடுக்க நமக்கு உரிமையில்லை. பட்டியல் ஸ்கேன் செய்த படமாக இருந்தால் டபுலா உதவாது, ஏற்பாட்டாளரிடம் எக்செல் கோப்பு கேளுங்கள்.

2. யார் ஆண், யார் பெண்?

பல பட்டியல்களில் பாலினப் பத்தியே இருக்காது. முதலில் பிரிவின் பெயரைப் பாருங்கள், 'லெலாக்கி' (ஆண்), 'வனித்தா' (பெண்) என்று மலாயில் இருந்தால் வேலை முடிந்தது. அடுத்து, சட்டையில் நெஞ்சில் குத்தும் போட்டி எண்ணின் முன்னெழுத்து. இரண்டும் இல்லாவிட்டால் மட்டும் பெயருக்குப் போங்கள்.

நம்மவர் பெயரில் ஏ/எல் (மகன்), ஏ/பி (மகள்) இருக்கும். மலாய்ப் பெயரில் 'பின்' (மகன்), 'பிந்தி' (மகள்). சீக்கியப் பெயரில் ஆணுக்குச் சிங், பெண்ணுக்குக் கோர். இங்கே ஒரு கண்ணி உண்டு. 'பின்' என்று தேடினால் 'பிந்தி' உள்ள பெயர்களும் சேர்ந்து வந்துவிடும், ஆங்கில எழுத்தில் முதல் மூன்றும் ஒன்றுதானே. அதனால் சொல்லுக்கு முன்னும் பின்னும் ஓர் இடைவெளி விட்டுத் தேடுங்கள். சரவாக் பெயர்களில் வரும் 'அனாக்' ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது. சீனப் பெயர்களில் அடையாளச் சொல்லே கிடையாது, ஓசையை வைத்து ஊகிக்காதீர்கள். தெரியாதவற்றை 'தெரியவில்லை' என்றே போடுங்கள். அப்படிப்பட்ட பெயர்கள் நூற்றுக்கு ஐந்தைத் தாண்டினால் கணக்கை நிறுத்திவிட்டு ஏற்பாட்டாளரிடம் கேளுங்கள். அவர்களுக்கு அது கடினமே இல்லை. பதிவின்போது வாங்கிய அடையாள அட்டை எண்ணின் கடைசி இலக்கம் ஒற்றைப்படை என்றால் ஆண், இரட்டைப்படை என்றால் பெண். நமக்கு அந்த எண் வேண்டாம், அதை வைத்து அவர்களே ஒரு பத்தி போட்டுத் தந்தால் போதும்.

3. நேரத்தை நிமிடமாக்குதல்

கணக்கு கவிழ்வது பெரும்பாலும் இங்கேதான், கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

முழு நேரம் 1:42:15 என்று இருக்கும். ஓட்ட நேரம் 28:40 என்று இருக்கும். முதலாவதை ஷீட்ஸ் சரியாகப் புரிந்துகொள்ளும். இரண்டாவதை 28 மணி 40 நிமிடம் என்று எடுத்துக்கொள்ளும்! திரையை மேலோட்டமாகப் பார்த்தால் இது பிடிபடாது. சராசரி எடுக்கும்போதுதான் பூதம் கிளம்பும்.

வழி இது: ஒட்டுவதற்கு முன்பே, ஃபார்மட் மெனுவில் நம்பர், அதற்குள் பிளெயின் டெக்ஸ்ட் என்று அந்தப் பத்திகளை வெறும் எழுத்தாக மாற்றிவிடுங்கள். பிறகு ஒட்டுங்கள். பக்கத்துப் பத்தியில், எழுத்தின் நீளம் ஐந்தோ அதற்குக் குறைவோ என்றால் முன்னால் '0:' சேர்க்கும்படி ஓர் 'இஃப்' சூத்திரம் எழுதுங்கள். இப்போது எல்லாம் மணி, நிமிடம், நொடி என்று ஒரே வடிவம். அதை 'வேல்யூ' கொண்டு எண்ணாக்கி 1440 ஆல் பெருக்குங்கள். ஒரு நாளுக்கு 1440 நிமிடம், ஷீட்ஸ் நேரத்தை நாளின் பின்னமாக வைத்திருக்கிறது. விடை நிமிடத்தில் வரும்.

சரிபார்க்க, பத்தியைச் சிறியதிலிருந்து பெரியதாக வரிசைப்படுத்தி இரண்டு முனைகளையும் பாருங்கள். 5 கிலோமீட்டர் ஓட்டத்துக்கு 1700 நிமிடம் என்று ஒருவர் நின்றால், அவருடைய வரியில் இந்த மாற்றம் நடக்கவில்லை என்று பொருள்.

4. முதலில் தலை எண்ணுங்கள்

நேரத்துக்குப் போகும் முன் பங்கேற்பு. தொடங்கியவர்கள், முடித்தவர்கள் இரண்டையும் ஆண், பெண் எனத் தனித்தனியாக 'கவுன்ட்இஃப்ஸ்' போட்டு எடுங்கள். பதிவு செய்து வராதவர்களைத் தொடங்கியவர்களோடு சேர்க்காதீர்கள். பாதியில் நின்றவர்களை நீக்கவும் கூடாது. தொடங்கிய பெண்களில் எத்தனை விழுக்காட்டினர் முடித்தார்கள், ஆண்களில் எத்தனை என்பதே ஒரு நல்ல கேள்வி.

பிரிவுகளையும் எண்ணுங்கள். ஆண்களுக்கு நான்கைந்து வயதுப் பிரிவு, பெண்களுக்கு ஒரே 'ஓப்பன்' என்றால், ஐம்பது வயது அக்காவும் இருபது வயது தங்கச்சியும் ஒரே மேடைக்கு மோதுகிறார்கள். அந்த அக்கா அடுத்த முறை நுழைவுக் கட்டணம் கட்ட யோசிப்பார். பங்கேற்பு குறைவதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் உறுதியான எண்ணம்.

5. பிறகுதான் நேரம்

இடைவெளியை இப்படிக் கணக்கிடுங்கள்: பெண் நேரத்திலிருந்து ஆண் நேரத்தைக் கழித்து, ஆண் நேரத்தால் வகுத்து, 100 ஆல் பெருக்குங்கள். எதால் வகுத்தீர்கள் என்பதை எழுதி வையுங்கள். 10,000 மீட்டர் உலகச் சாதனையைப் பாருங்கள். ஜோசுவா செப்டெகெய் 2020இல் 26 நிமிடம் 11 நொடி, பியாட்ரிஸ் செபெட் 2024இல் 28 நிமிடம் 54.14 நொடி. ஆண் நேரத்தால் வகுத்தால் 10.4 விழுக்காடு, பெண் நேரத்தால் வகுத்தால் 9.4. ஓடியவர்கள் அதே இருவர்தான்.

உலகத்தின் உச்சியிலேயே இடைவெளி பத்துக்குப் பக்கத்தில்தான். ஆண்களுக்குச் சராசரியாக இரத்தத்தில் ஹீமோகுளோபின் கூடுதல், தசையும் கூடுதல், அதனால் வருவது. உங்கள் ஊர்ப் போட்டியில் முதலிடத்து இடைவெளி இருபது, இருபத்தைந்து என்று வந்தால், மிச்சத்துக்கு உடம்பைக் காரணம் சொல்லாமல் எண்ணிக்கையைப் பாருங்கள்.

ஏன் என்று ஒரு கற்பனைக் கணக்கில் காட்டுகிறேன். 180 ஆண்கள், 20 பெண்கள். மூன்றாவது ஆணையும் மூன்றாவது பெண்ணையும் ஒப்பிட்டால், ஆண்களில் முதல் 1.7 விழுக்காட்டின் எல்லையில் நிற்பவரைப் பெண்களில் முதல் 15 விழுக்காட்டின் எல்லையில் நிற்பவரோடு ஒப்பிடுகிறீர்கள். இது நியாயமே இல்லை. முதல் பத்து விழுக்காட்டை எடுங்கள், அதாவது 18ஆவது ஆணும் 2ஆவது பெண்ணும். ஷீட்ஸில் 'ஸ்மால்' சூத்திரத்தில் ஆண்களுக்கு 18, பெண்களுக்கு 2 என்று போட்டால் அந்த நேரங்கள் கிடைத்துவிடும். கூடவே 'மீடியன்' எடுங்கள், அதாவது வரிசையின் நடுவில் நிற்பவரின் நேரம். சராசரி வேண்டாம், கடைசியில் நடந்து வரும் இரண்டு பேர் அதை இழுத்துவிடுவார்கள்.

இன்னொன்று. பெண்கள் குறைவாக வரும் போட்டியில், வருகிறவர்கள் கடுமையாகப் பயிற்சி எடுத்தவர்களாகவே இருப்பார்கள். அதனால் மீடியன் இடைவெளி சிறியதாகத் தெரியும். அடுத்த ஆண்டு புதியவர்கள் திரண்டு வந்தால் இடைவெளி பெரிதாகும். அது பின்னடைவு இல்லை, நல்ல செய்தி. பங்கேற்பு எண்ணைப் பக்கத்திலேயே வைக்காமல் நேரத்தை மட்டும் யாருக்கும் அனுப்பாதீர்கள்.

6. மூன்று பகுதிகளையும் தனித்தனியே

முதல் ஓட்டம், சைக்கிள், இரண்டாம் ஓட்டம் மூன்றுக்கும் இதே கணக்கு. ஸ்பிரிண்ட் என்னும் குறுகிய வகையின் தூரம் 5, 20, 2.5 கிலோமீட்டர். புத்ராஜெயா பவர்மேன் டுவத்லான் போட்டியின் கிளாசிக் தூரம் 10, 60, 10. தூரம் மாறுவதால் மொத்த நிமிடத்தை விட்டுவிட்டு, கிலோமீட்டருக்கு எத்தனை நிமிடம் என்று எடுங்கள். இரண்டாம் ஓட்ட வேகத்தை முதல் ஓட்ட வேகத்தோடு ஒப்பிட்டால் யார் எவ்வளவு சோர்ந்தார்கள் என்று தெரியும். மாரத்தானில் ஆண்களைவிடப் பெண்கள் வேகத்தைச் சீராகக் காப்பார்கள் என்று பல ஆய்வுகள் காட்டியுள்ளன. உங்கள் பட்டியலிலும் அப்படி வருகிறதா என்று பாருங்கள்.

சைக்கிள் இடைவெளி இரண்டு ஓட்டங்களையும்விட மிகப் பெரியதாக வந்தால், வண்டியைப் பாருங்கள். சமதளத்தில் காற்றுத் தடையால், வேகம் 10 விழுக்காடு கூட வேண்டுமென்றால் சக்தி சுமார் 33 விழுக்காடு கூட வேண்டும். ஆகவே உடல் பலத்தில் உள்ள வித்தியாசம் வேகத்தில் சுருங்கித்தான் தெரிய வேண்டும். சுருங்கவில்லை என்றால் வேறு காரணம் இருக்கிறது. எங்கள் குழுவில் ஒரு தங்கச்சி அண்ணனுடைய சைக்கிளில்தான் போட்டிக்கு வந்தாள். இருக்கையைக் கடைசி வரை இறக்கி, குழாயில் கீறல் விழும்வரை அழுத்தியிருந்தார்கள். அப்படியும் மிதி கீழே போகும்போது குதிகால் தூக்கி, விரல் நுனியில்தான் எட்டியது, இடுப்பு இடமும் வலமும் ஆடியது. ஓட்டத்தில் முன்னணியில் இருந்தவள் சைக்கிளில் பின்னுக்குப் போனது உடம்பின் குறையால் அல்ல. அளவுக்கேற்ற பழைய வண்டி ஒன்றைச் சில நூறு வெள்ளிக்கு (ரிங்கிட்) தேடி வாங்கிக் கொடுப்பதே அவளுக்கான பயிற்சித் திட்டத்தின் முதல் வரி.

பின்சேர்க்கை: படித்தவர்கள் கேட்டவை

ஓட்டத்திலிருந்து சைக்கிளுக்கு மாறும் இடமான மாற்றிடத்தில் நேரம் பதியும் பாய் போடாத போட்டிகளில், காலணி மாற்றும் நேரமும் சைக்கிள் நேரத்துக்குள்ளேயே வந்துவிடுகிறது என்று ஒருவர் சரியாகச் சுட்டிக்காட்டினார். அப்படியானால் பத்தியின் தலைப்பிலேயே 'சைக்கிள் + மாற்றிடம்' என்று எழுதிவிடுங்கள், மற்றப் போட்டியோடு நேரடியாக ஒப்பிடாதீர்கள்.

பெண்களை ஆண்களுக்குப் பின் பத்து நிமிடம் கழித்து விடும் போட்டிகளைப் பற்றி இன்னொருவர் கேட்டார். பட்டியலில் இரண்டு நேரம் இருந்தால் சிப் நேரத்தை, அதாவது ஒவ்வொருவரும் தொடக்கக் கோட்டைத் தாண்டியதிலிருந்து எண்ணிய நேரத்தை எடுங்கள். தொடக்கத் துப்பாக்கி வெடித்ததிலிருந்து எண்ணும் துப்பாக்கி நேரம் மட்டும் இருந்து, ஒரே துப்பாக்கியிலிருந்து எல்லாருக்கும் எண்ணியிருந்தால், பெண்களின் முதல் ஓட்டத்திலும் மொத்தத்திலும் அந்தப் பத்து நிமிடத்தைக் கழித்த பிறகே 5ஆம் படிக்குப் போங்கள். எந்தப் பெண்ணின் முதல் ஓட்டமும் 25 நிமிடத்துக்குக் கீழே வராமல், ஆண்கள் பதினேழு பதினெட்டில் முடித்திருந்தால், இதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.