வால்வு சீல் திரும்பத் திரும்பப் போகிறதா? சீலை மட்டும் மாற்றாதீர்கள்

லாரி இன்ஜினை இறக்கி, முழு வேலையும் பார்த்து ஏற்றியாயிற்று. கொஞ்ச நாளிலேயே ஆயில் குறைகிறது, காலையில் ஸ்டார்ட் செய்ததும் நீலப் புகை வருகிறது. வால்வுத் தண்டு வழியே ஆயில் கீழே இறங்காமல் தடுக்கும் ரப்பர் வளையமான வால்வு சீலை மாற்றினால் நிற்கிறது. பிறகு பழைய கதைதான். உடனே பிராண்டைத் திட்டிவிட்டு வேறு பிராண்ட் வாங்குவதுதான் பலரும் செய்யும் முதல் தவறு. சீல் பெரும்பாலும் அடி வாங்குகிற பொருள்; அடிப்பது வேறொன்று.

கழற்றிய சீலைக் குப்பையில் போடாதீர்கள். எந்த வால்வில் இருந்தது என்று எழுதி வைத்து, வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். உதட்டில், அதாவது தண்டை ஒட்டி நிற்கும் ரப்பர் விளிம்பில், ஒரே இடத்தில் நேர்க் கீறல் இருந்தால், மாட்டும்போதே கிழிந்துவிட்டது என்று அர்த்தம். தண்டில் வால்வு லாக் (ஸ்பிரிங்கைத் தண்டோடு பிடித்து நிறுத்தும் துண்டு) உட்காரும் பள்ளத்தின் விளிம்பு கத்தி மாதிரி இருக்கும். அதன்மேல் பிளாஸ்டிக் உறை மாட்டி, ஆயில் தடவித்தான் சீலை இறக்க வேண்டும். கைக்குக் கிடைத்த சாக்கெட்டை வைத்துத் தட்டினால் சீலின் உலோகக் கூடு கோணிவிடும்.

ரப்பர் இறுகி, வளைத்தால் நொறுங்குகிறதா? அது சூட்டு வேலை. நைட்ரைல் ரப்பர் சுமார் 120 டிகிரி செல்சியஸ் வரைதான் நீண்ட நாள் தாங்கும். வைட்டான் என்ற ரப்பர் 200 டிகிரியை ஒட்டித் தாங்கும். எக்ஸாஸ்ட் (புகை வெளியேறும்) பக்கத்துக்கு வேறு சீல் கொடுத்திருந்தால் இரண்டையும் இடம் மாற்றிப் போட்டுவிடாதீர்கள்.

உதடு ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் வால்வுத் தண்டு ஏறி இறங்கும் குழாயான கைடைச் சந்தேகப்படுங்கள். புது வால்வை நுழைத்துக் கையால் ஆட்டி, "டைட்டாத்தான் இருக்கு" என்று சொல்லிவிடுவார்கள். கைடு தேய்வதோ மேல் வாயிலும் கீழ் வாயிலும்தான். நடுப்பகுதி நன்றாகவே இருக்கும். மூன்று இடத்திலும், ஒவ்வோரிடத்திலும் இரு திசையிலும் அளந்து, இன்ஜின் மேனுவல் சொல்லும் இடைவெளியோடு ஒப்பிடுங்கள். புதுக் கைடு அடித்தாலும் வேலை முடியவில்லை: அடித்ததும் துளை சுருங்கும், ரீமர் போட்டுத் துளையை அளவுக்குக் கொண்டுவர வேண்டும். அதன் பிறகு அந்தத் துளையை மையமாக வைத்து சீட் (வால்வின் தலை மூடி உட்காரும் வளையம்) வெட்டாவிட்டால், வால்வு மூடும் ஒவ்வொரு முறையும் தண்டு ஒரு பக்கமாகச் சாயும். சீல் எத்தனை நாள் தாங்கும்?

சீல் கைடை விட்டுக் கழன்று மேலே நிற்கிறதென்றால் கைடின் வெளி அளவைப் பாருங்கள். அது சரி என்றால் பிரீதர் (இன்ஜினுக்குள் சேரும் காற்றை வெளியே விடும் வழி) அடைபட்டிருக்கிறதா, ப்ளோ-பை (பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கீழே கசியும் வாயு) அதிகமா, ஹெட்டிலிருந்து (வால்வுகள் இருக்கும் இன்ஜினின் மேல்பகுதி) ஆயில் இறங்கும் துளைகள் அடைபட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். எக்ஸாஸ்ட் பிரேக் (புகைக் குழாயை அடைத்து வேகத்தைக் குறைக்கும் பிரேக்) உள்ள வண்டியில் இன்னொன்றும் உண்டு: பிரேக் போடும்போது எக்ஸாஸ்டில் ஏறும் அழுத்தம், தேய்ந்த கைடு வழியே புகுந்து சீலைக் கீழிருந்து தள்ளும்.

இன்னொரு விஷயம், பலர் மறப்பது. பெரும்பாலான டீசலில் பெட்ரோல் இன்ஜின் போல காற்று உள்ளே வரும் இன்டேக்கில் பலமான வெற்றிடம் உண்டாவதில்லை. அதனால் ஆயில் குடிப்பதற்கு எடுத்தவுடன் வால்வு சீலைக் குற்றம் சொல்ல முடியாது. ஹெட்டைத் தொடுவதற்கு முன்பே டர்போவிலிருந்து வரும் காற்றுக் குழாயைக் கழற்றி உள்ளே ஆயில் தேங்கியிருக்கிறதா பாருங்கள், ப்ளோ-பையையும் அளந்துவிடுங்கள்.