ஈர நிலத்துக்கு வறண்ட நிலத்தின் கணக்கு ஆகாது: காலநிலை மாதிரிகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காலநிலையைக் கணினியில் கணக்கிட்டுப் பார்க்கும் காலநிலை மாதிரிகளைப் படிக்கத் தொடங்குபவர்கள் நிலத்தை வெறும் தரையாக நினைத்து ஒதுக்கிவிடுகிறார்கள். விழும் வெயில் எதில் செலவாகும் என்பதை அந்தத் தரைதான் முடிவு செய்கிறது. ஒரு சதுர மீட்டர் நிலத்தில் 1 மில்லிமீட்டர் நீர் ஆவியாக ஏறத்தாழ 25 லட்சம் ஜூல் வெப்பம் வேண்டும். நீர் இல்லையென்றால் அந்த வெப்பம் காற்றைச் சூடாக்கப் போய்விடும். கோலாலம்பூர் செந்தூலில் பிற்பகல் மழை விட்டபின் வெயில் அடித்தால் பாருங்கள்: தார்ச்சாலை சீக்கிரமே காய்ந்து அனல் வீசும், பக்கத்துப் பள்ளித் திடல் மாலை வரை சதசதவென்று கிடக்கும்.

பெரிய தவறு இனிமேல்தான் வருகிறது. மண் ஈரம் கூடினால் மழை கூடும் என்று படித்துவிட்டு, அதை அப்படியே மலேசியாவுக்குப் பொருத்துவது. காலநிலை ஆய்வாளர் ரேண்டல் கோஸ்டர் குழுவினர் 2004-இல் பன்னிரண்டு மாதிரிகளை ஒப்பிட்டபோது, மண் ஈரம் கோடை மழையை வலுவாகப் பாதித்த இடங்களில் அமெரிக்க நடுச் சமவெளி, சஹாராவுக்குத் தெற்கே உள்ள சஹேல், இந்தியா ஆகியவை முன்னே நின்றன. அவை வறட்சிக்கும் ஈரத்துக்கும் இடைப்பட்ட நிலங்கள். அங்கே ஆவியாதலுக்குக் குறுக்கே நிற்பது நீர்த் தட்டுப்பாடு. கோலாலம்பூரிலோ ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை; பெரும்பாலான நாள்களில் ஆவியாதலைக் கட்டுப்படுத்துவது மேகத்தைத் தாண்டி வரும் வெயிலின் அளவுதான். ஈரமான மண்ணை மேலும் சற்று நனைத்தால் வானம் பெரிதாக அசையாது.

அதற்காக நம் நிலத்துக்குப் பங்கே இல்லை என்று எழுதுவதும் பிழை. காடு பால்மரத் தோட்டமாகி, பிறகு செம்பனையாகியிருக்கிறது. மறுநடவு செய்த தோட்டத்துக்குள் நின்றால் தெரியும்: கன்றுகளுக்கு இடையே வெறும் மண், தலைக்கு மேல் நிழல் இல்லை. வேரின் ஆழமும் காற்றைத் தடுக்கும் சொரசொரப்பும் வெயிலைத் திருப்பி அனுப்பும் திறனும் ஒருசேர மாறிவிடுகின்றன. 1997, 2015 போன்ற கடும் எல் நினோ (பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடாகும் நிகழ்வு) ஆண்டுகளின் வறண்ட மாதங்களில் மண் ஈரமும் முக்கியமாகிவிடும்.

ஈர மண் உள்ள இடத்தில் மழை பெய்தது என்ற தொடர்பை மட்டும் காட்டிக் காரணம் சொல்லாதீர்கள். மழை பெய்ததால்தானே மண் நனைந்தது? மண் ஈரத்தைத் தன்போக்கில் மாறவிட்டு ஒருமுறையும், முன்பே குறித்த அளவில் நிறுத்தி இன்னொருமுறையும் மாதிரியை ஓட்டி ஒப்பிட்டால்தான் நிலத்தின் பங்கு பிரிந்து தெரியும்.

மாதிரிகள் பூமியைக் கட்டங்களாகப் பிரித்துக் கணக்கிடுகின்றன. ஒரு கட்டத்தின் வெப்பநிலையை ஜார்ஜ்டவுன் வெப்பநிலை என்று சொல்லிவிடவும் கூடாது. உலக மாதிரியின் கட்டம் பக்கத்துக்கு 100 கிலோமீட்டர் என்றால் அது 10,000 சதுர கிலோமீட்டர். பினாங்குத் தீவோ சுமார் 300 சதுர கிலோமீட்டர்தான். கடலும் கெடா நெல்வயலும் 833 மீட்டர் பினாங்கு மலையும் அந்த ஒரே எண்ணுக்குள் கரைந்துவிடுகின்றன. கடற்காற்று எழும் கரையோரமே அங்கே காணாமல் போகலாம்.

1969-இல் காலநிலை அறிவியலாளர் சியுகுரோ மனாபே தம் மாதிரியில் மண்ணை ஒரு வாளியாகக் கருதி, நிலம் முழுவதற்கும் 15 சென்டிமீட்டர் நீர்க் கொள்ளளவை வைத்தார். இன்றைய மாதிரிகளில் மண் பல அடுக்குகளாக இறங்குகிறது. அடுக்குகளின் ஆழமும் மண்ணின் தன்மையும் மாதிரிக்கு மாதிரி வேறு. ஆகவே ஒன்றின் மண் ஈர எண்ணை இன்னொன்றில் நேரடியாகப் போடக்கூடாது. அந்தந்த மாதிரியின் சராசரியிலிருந்து எவ்வளவு விலகியது என்று பாருங்கள். ஆழ அடுக்குகள் நிலைபெற ஆண்டுகள் ஆகலாம். அதற்கு முன் வரும் முடிவுகளை ஆய்வில் சேர்க்காதீர்கள்.