தாத்தாவின் நோட்டில் இருந்த 20 டாலர்: பழைய டாலர் விலையை நீங்களே கண்டுபிடிப்பது எப்படி?

எங்கள் தாத்தா வரவு செலவு நோட்டு எழுதுவார். 1966 சித்திரையில், அமெரிக்காவில் படித்துக்கொண்டிருந்த பெரியப்பா அனுப்பிய 20 டாலருக்கு 94 ரூபாய் சொச்சம் வரவு வைத்திருக்கிறார். ஆவணியில் இன்னொரு 20 டாலர் வந்திருக்கிறது. அதற்கு வரவு 149 ரூபாய் சொச்சம். இடையில் நான்கே மாதம்! அந்த வித்தியாசத்தைத் துருவப் போய்த்தான் பழைய நாணய மதிப்பைத் தேடக் கற்றுக்கொண்டேன். உங்கள் வீட்டிலும் பழைய கடிதமோ பாஸ்புக்கோ இருந்தால் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

படி 1: எந்த விலை வேண்டும் என்று முடிவு செய்யுங்கள்

ஒரே நாளில் டாலருக்குப் பல விலைகள் உண்டு. வங்கி நம்மிடம் டாலரை வாங்கும் விலை ஒன்று, நமக்கு விற்கும் விலை ஒன்று, இரண்டுக்கும் நடுவில் சந்தை விலை. 2013 ஆகஸ்ட் 28 அன்று ரிசர்வ் வங்கியின் குறிப்பு விலை (சந்தையைப் பார்த்து அன்றைக்கென அறிவிக்கும் ஒரே விலை, reference rate) 68.36 ரூபாய், அதே நாளில் சந்தையில் டாலர் 68.80 வரை போனது. இரண்டுமே சரிதான், எடுத்த நேரம்தான் வேறு.

பொதுவான ஒப்பீட்டுக்குக் குறிப்பு விலை போதும். வெளிநாட்டு வருமானத்துக்கு வரி போட என்றால் கதை வேறு. அதற்கு ஸ்டேட் வங்கியின் TT வாங்கும் விலையைத்தான் (வெளிநாட்டிலிருந்து கணக்குக்கு நேரே வரும் பணத்துக்கு வங்கி கொடுக்கும் விலை) நீண்டகாலமாகக் கேட்டு வருகிறார்கள். எந்தத் தேதியின் விலை என்பதை ஆடிட்டரிடம் கேட்டுவிடுங்கள்.

படி 2: எங்கே தேடுவது

2018 ஜூலைக்குப் பிந்தைய குறிப்பு விலைகளை எஃப்.பி.ஐ.எல். (FBIL, Financial Benchmarks India) நிறுவனம் வெளியிடுகிறது. அதற்கு முந்தையவை ரிசர்வ் வங்கி தளத்தின் பழைய பதிவுகளில் இருக்கின்றன. இன்னும் பின்னால் போக வேண்டுமா? அமெரிக்காவின் மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வ், ரூபாய்க்கு 1973 முதல் தினசரி விலையை வைத்திருக்கிறது. எனக்கு அதிகம் உதவியது அதுதான். ஞாயிறும் விடுமுறையும் காலியாக இருக்கும். முந்தைய வேலை நாளின் விலையை எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 3: சராசரியை நம்புவதற்கு முன் யோசியுங்கள்

ரிசர்வ் வங்கியின் புள்ளிவிவரத் தொகுப்பான ஹேண்ட்புக்கில் ஆண்டுச் சராசரி கிடைக்கும். அது ஏப்ரல் முதல் மார்ச் வரையிலான நிதியாண்டு என்பதை மறக்காதீர்கள். 1991-92க்கு அதில் 24.47 ரூபாய் என்று இருக்கும். ஆனால் அந்த ஆண்டு ஜூன் வரை டாலர் 20, 21 ரூபாய்தான். ஜூலை 1, 3 ஆகிய இரண்டு நாட்களில் ரூபாயின் மதிப்பை இரண்டு கட்டமாகக் குறைத்தார்கள். அப்புறம் 26ஐ ஒட்டியே ஓடியது. ஒரு குறிப்பிட்ட நாளில் வந்த பணத்தைக் கணக்கிட இந்தச் சராசரி உதவவே உதவாது.

1992 மார்ச் முதல் ஓராண்டுக்கு அரசு விலை, சந்தை விலை என்று இரண்டு விலைகள் அதிகாரபூர்வமாகவே இருந்தன. அந்த ஓராண்டில் தேடும்போது எது எதென்று பார்த்து எடுங்கள்.

படி 4: தினசரி விலை இல்லாத காலத்துக்கு, பவுண்டு வழியாகப் போங்கள்

இதுதான் எனக்கு மிகவும் பிடித்த படி. அந்தக் காலத்தில் விலை தினமும் ஆடவில்லை, நிர்ணயித்து வைத்திருந்தார்கள். ரூபாயைப் பவுண்டோடு கட்டியிருந்தார்கள்: ஒரு ரூபாய்க்கு 1 ஷில்லிங் 6 பென்ஸ், அதாவது 18 பென்ஸ். ஒரு பவுண்டுக்கு 240 பென்ஸ். 240ஐ 18ஆல் வகுத்தால் ஒரு பவுண்டு 13.33 ரூபாய்.

1947இல் ஒரு பவுண்டுக்கு 4.03 டாலர். 13.33ஐ 4.03ஆல் வகுத்துப் பாருங்கள்: 3.31. ஒரு டாலர் ஏறக்குறைய 3 ரூபாய் 5 அணா! "சுதந்திரம் வாங்கிய அன்று ஒரு டாலர் ஒரு ரூபாய்" என்று ஆண்டுதோறும் ஆகஸ்டில் வாட்ஸப்பில் சுற்றும் செய்தி தவறு. அதை அனுப்புகிறவருக்கு இந்த இரண்டு வகுத்தலைத் திருப்பி அனுப்புங்கள், போதும்.

1949 செப்டம்பரில் பிரிட்டன் பவுண்டை 2.80 டாலராக இறக்கியது, இந்தியாவும் கூடவே இறங்கியது, அதனால் ஒரு பவுண்டு 13.33 ரூபாயாகவே நின்றது. 13.33ஐ 2.80ஆல் வகுத்தால் 4.76. இந்த விலை 1966 ஜூன் வரை நீடித்தது. ஜூன் 6 அன்று இந்திரா காந்தி அரசு ரூபாயின் மதிப்பைக் குறைக்க, டாலர் 7.50 ஆனது.

இப்போது தாத்தாவின் நோட்டுக்கு வருவோம். 20 × 4.76 = 95.20, 20 × 7.50 = 150. வங்கியின் வாங்கும் விலை சற்றுக் குறைவு, அதனால்தான் 94ம் 149ம்.

படி 5: சதவீதத்தைச் சரியாகச் சொல்லுங்கள்

4.76 என்பது 7.50 ஆனால் டாலரின் விலை 57.5 சதவீதம் கூடியிருக்கிறது. ஆனால் ரூபாயின் மதிப்பு 36.5 சதவீதம்தான் குறைந்திருக்கிறது. முதலாவதற்கு வித்தியாசத்தைப் பழைய விலையால் வகுக்க வேண்டும், இரண்டாவதற்குப் புதிய விலையால். எதைச் சொல்கிறீர்கள் என்பதை எழுதும்போதே குறித்துவிடுங்கள், இந்த இடத்தில்தான் நிறையப் பேர் குழம்புகிறார்கள்.

சரி, ஒரு பயிற்சி. 1966 ஆவணியில் லண்டனிலிருந்து 5 பவுண்டு வந்திருந்தால் 2.80 × 7.50 = 21, ஆகவே 105 ரூபாய். 1967 நவம்பரில் பிரிட்டன் பவுண்டை மறுபடியும் 2.40 டாலராக இறக்கியது. இந்த முறை இந்தியா கூடவே இறங்கவில்லை, டாலர் 7.50லேயே நின்றது. 1968 தையில், லண்டனில் இருந்த நண்பர் அனுப்பிய 5 பவுண்டுக்குத் தாத்தா எவ்வளவு வரவு வைத்திருப்பார்? போட்டுப் பாருங்கள். நோட்டில் 89 ரூபாய் சொச்சம் என்று இருக்கிறது.