மாயாஜாலச் சண்டை கேம் குழந்தைக்குச் சரிப்படுமா? பார்த்துச் சொல்பவர்கள் சறுக்கும் இடங்கள்

வாள், மந்திரக்கோல், டிராகன், எலும்புக்கூட்டுப் படை. இப்படி ஒரு கேம் வேண்டும் என்று குழந்தை வந்து நின்றால் பெரியவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்வி: "ரத்தம் வருமா?" வராது என்று தெரிந்ததும் பாதி மனம் இளகிவிடும். கேம்களை வயதுவாரியாகப் பார்த்துச் சொல்லப் பழகுகிறவர்களும் இதே கேள்வியில்தான் தொடங்குகிறார்கள். இதில் பழம் தின்று கொட்டை போட்டவர்களும் ஒரு காலத்தில் அங்கேதான் நின்றிருந்தார்கள்.

அட்டையில் 18 என்று பெரிதாகப் போட்டிருப்பதை ஆறு வயதுப் பிள்ளைக்கு வாங்கித் தருவது போன்ற வெளிப்படையான தவறுகளை இங்கே விட்டுவிடலாம். கவனமாகத்தான் பார்த்தோம் என்று நம்புகிறவர்கள் விழுகிற குழிகள் வேறு.

'ஃபேன்டசி வயலன்ஸ்' என்றால் லேசானது என்று எடுத்துக்கொள்வது

கேம்களுக்கு வயது வரம்பு குறிக்கும் அமெரிக்க அமைப்பான இ.எஸ்.ஆர்.பி.யின் ரேட்டிங்கில் வரும் குறிப்பு இது. நிஜ வாழ்க்கையோடு எளிதில் குழப்பிக்கொள்ள முடியாத சூழலில் நடக்கும் வன்முறை என்பதே இதன் பொருள். அடிவாங்குவது மனிதப் பாத்திரமாகவும் இருக்கலாம். அடி எவ்வளவு கடுமையானது என்பதை இந்தச் சொல் தனியாகச் சொல்லிவிடாது.

ஐரோப்பாவின் பெகி அமைப்பு வேறு மாதிரி பிரிக்கிறது. கற்பனை உருவங்கள் மீது விழும், நிஜம்போல் தோன்றாத அடிதடி என்றால் 7 வயதுக்கு மேல். அதையே கொஞ்சம் விவரமாகக் காட்டினாலோ, மனிதச் சாயலுள்ள பாத்திரம் நிஜம்போல் தோன்றாத விதத்தில் அடிபட்டாலோ 12. நிஜத்தில் நடப்பதுபோலவே தெரிந்தால் 16. இதனால் ஒரே கேமுக்கு இரண்டு எண் வரும். 'தி லெஜண்ட் ஆஃப் செல்டா: பிரெத் ஆஃப் தி வைல்ட்' அமெரிக்காவில் 10 வயதுக்கு மேல், ஐரோப்பாவில் 12. மைன்கிராஃப்ட் அமெரிக்காவில் 10 வயதுக்கு மேல், ஐரோப்பாவில் 7. ஒன்றில் ஐரோப்பா கறார், இன்னொன்றில் அமெரிக்கா கறார். எண்ணோடு நிற்காமல், இ.எஸ்.ஆர்.பி. தளத்தில் கேமின் பெயரைத் தேடி அங்குள்ள சுருக்கத்தைப் படியுங்கள். எந்த ஆயுதம், அடிபட்டால் திரையில் என்ன தெரியும், யார் குடிக்கிறார் என்பதெல்லாம் அந்த ஒரு பத்தியில் இருக்கும்.

பிறகு ஒரே ஒரு எதிரி சாகும் காட்சியைப் பத்து விநாடி பாருங்கள். விழுந்தது மனிதனா, மனிதச் சாயலா, மிருகமா, வெறும் கூழ் உருண்டையா? உடல் அப்படியே கிடக்கிறதா, செல்டாவில்போலப் புகையாகி மறைகிறதா? வலியில் அலறுகிறதா? கடைசி அடியை மட்டும் கேமரா அருகே போய் மெதுவாகக் காட்டுகிறதா? அப்படிக் காட்டினால் அந்தக் கேம் சாவை ரசிக்கச் சொல்கிறது என்று பொருள். ரத்தத்தைப் பச்சையாகவும் ஊதாவாகவும் மாற்றுவது பழைய தந்திரம். நிறத்தைப் பார்த்துப் பெரியவர்கள் சமாதானமாகிவிடுகிறார்கள். உடல் துடிக்கும் விதம் மாறியிருக்காது.

சரணடைந்தவனையும் தப்பி ஓடுகிறவனையும் வெட்டினால் புள்ளி கிடைக்கிறதா என்றும் பாருங்கள். தற்காத்துக்கொள்ள முடியாதவர்கள் மீதான வன்முறை பெகியில் 18-க்கான அளவுகோல்களில் ஒன்று.

பயத்தைக் கணக்கில் சேர்க்காதது

ஐந்து, ஆறு வயதில் ரத்தத்தைவிட உருவமும் சத்தமுமே உலுக்கும். அந்த வயதில் கோரமாகத் தெரிவதெல்லாம் ஆபத்துதான். அது பொம்மை என்று எத்தனை முறை சொன்னாலும் எடுபடாது. எட்டு, ஒன்பதைத் தாண்டிய பிறகு அசுரன் சிரிப்பாகிவிடுவான். அம்மா கடத்தப்படுவது, வீடு எரிவது, நம்பிய தோழன் முதுகில் குத்துவது போன்றவை அப்போது உறுத்தும். ஆக, ஒரே கேமில் தம்பி பயப்படும் இடமும் அக்கா பயப்படும் இடமும் வேறு வேறு.

சோதிக்கும்போது டிவியின் சத்தத்தைக் குறைத்து வைத்துப் பார்ப்பவர்கள் நிறைய பேர். குழந்தை ஹெட்போனில் ஆடும் என்றால் நீங்களும் ஹெட்போனில் கேளுங்கள். இருட்டுக் குகை, பின்னாலிருந்து வரும் மூச்சுச் சத்தம், துரத்தல் ஆகிய மூன்றும் சேர்ந்து வரும் கட்டத்தைத் தேடிப் பார்த்தாலே போதும்.

அரை மணி நேரம் ஆடிப் பார்த்துவிட்டுச் சரி என்பது

இருப்பதிலேயே எரிச்சல் மூட்டும் தவறு இதுதான். ஏனென்றால் இதைச் செய்கிறவர் அலட்சியக்காரர் இல்லை. பொறுப்பாக டவுன்லோடு செய்து, உட்கார்ந்து, முப்பது நிமிடம் ஆடி, "ஒன்றும் தப்பாக இல்லையே" என்று நேர்மையாகத்தான் சொல்கிறார். அவர் பார்த்ததில் தப்பு இல்லைதான். ஆனால் அவர் பார்த்தது கேமின் வாசல் கோலத்தை மட்டும்.

இலவசமாகத் தரப்படும் சண்டை கேமில் மிகவும் யோசித்து அலங்கரிக்கப்பட்ட பகுதி அந்த முதல் அரை மணி நேரம். அங்கே வரும் எதிரிகள் பூசணிக்காய் தலையர்கள். 'இன்னொரு ஆட்டக்காரர்' என்று பெயரோடு வந்து மோதுபவர், பல கேம்களில், தோற்பதற்கென்றே விடப்பட்ட பாட், அதாவது கேமே இயக்கும் போலி ஆட்டக்காரர். கேமுக்குள் நாணயமாகச் செல்லும் ரத்தினக் கல் வாரி இறைக்கப்படும். உள்ளே என்ன இருக்கும் என்று தெரியாமல் திறக்கும் அதிர்ஷ்டப் பெட்டியில், முதல் முறை நல்ல வீரன் வருவது பயிற்சிக் கட்டத்தில் முன்பே எழுதி வைக்கப்பட்டது. சாட் பூட்டியிருக்கும். ஆட்டக்காரர்கள் சேரும் குழுவான கில்ட் பூட்டியிருக்கும். கடைப் பொத்தான் சில கேம்களில் கண்ணிலேயே படாது.

பிறகு வழக்கமாக நடப்பது இது. சனிக்கிழமை அப்பா ஆடிப் பார்த்துச் சரி என்கிறார். மூன்றாவது வாரம், ஒன்பது வயதுப் பிள்ளை இரவு பத்து மணிக்கு அழுகிறான்: கில்ட் போரில் அவன் முறை வந்துவிட்டது, போகாவிட்டால் தலைவர் திட்டுவார். தலைவர் யார்? எந்த ஊர், என்ன வயது, எதுவும் தெரியாது. அப்பா போனை வாங்கிப் பார்த்தால், தான் சோதித்த கேமா இது என்று விழிக்கிறார்.

லெவல் ஏற ஏற என்னென்ன திறக்கும் என்று தெரிந்திருந்தால் அந்த விழிப்பு தேவைப்படாது. முதலில் வருவது 'ஆற்றல்' புள்ளி; ஆடுவதற்குச் செலவாகும், நேரம் போகப் போகத் தானே ஊறும். 8 நிமிடத்துக்கு ஒரு புள்ளி, உச்சவரம்பு 120 என்று வைத்துக்கொள்ளுங்கள். 16 மணி நேரத்தில் தொட்டி நிரம்பிவிடும். அதற்குப் பிறகு ஊறுவதெல்லாம் வீண். வீணாக்கக் கூடாது என்ற எண்ணம்தான் குழந்தையைப் பள்ளிக்குக் கிளம்பும் நேரத்தில் போனைத் தேட வைக்கிறது. சண்டைக் காட்சிக்கு அதில் பங்கே இல்லை.

அடுத்தது அதிர்ஷ்ட இழுப்பு. அரிய வீரன் கிடைக்க 1 சதவீத வாய்ப்பு என்றால், 100 முறை இழுத்தால் கட்டாயம் கிடைக்கும் என்று குழந்தை நினைக்கும். பல பெரியவர்களும் அப்படித்தான் நினைக்கிறார்கள். 100 முறை இழுத்தும் கிடைக்காமல் போக ஏறக்குறைய 37 சதவீத வாய்ப்பு இருக்கிறது. பாதிக்குப் பாதி வாய்ப்பு வேண்டுமென்றாலே 69 முறை இழுக்க வேண்டும். 'இத்தனையாவது முறை நிச்சயம்' என்று ஒரு வரம்பு வைக்கும் கேம்களும் உண்டு. அந்த வரம்பு அடுத்த வீரனுக்கு அப்படியே தொடருமா, பூஜ்யத்துக்குத் திரும்புமா என்பது சிறிய எழுத்தில் இருக்கும்.

பணம் கல்லாக மாறும் கணக்கையும் பாருங்கள். ஓர் இழுப்புக்கு 160 கல் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடையில் விற்பதோ 300 கல் பொட்டலம். ஒன்று இழுத்ததும் மிச்சம் 140. இன்னும் 20 மட்டும் இருந்தால் இன்னொன்று இழுக்கலாம் என்று கை துடிக்கும். எண்கள் ஒட்டாமல் போவது தற்செயல் இல்லை. கல், அதை மாற்றி வாங்கும் சீட்டு, சீட்டைப் போட்டால் வரும் துண்டு என்று அடுக்கு கூடக்கூட, கொடுத்த பணம் எவ்வளவு என்பது குழந்தைக்கு மறந்துபோகும். 'கென்ஷின் இம்பாக்ட்' கேமை வெளியிட்ட நிறுவனம் 2025 ஜனவரியில் அமெரிக்கக் கூட்டாட்சி வர்த்தக ஆணையத்தோடு 2 கோடி டாலர் அபராதத்துக்கு உடன்பட்டது. ஆணையம் வைத்த குற்றச்சாட்டுகளில் இந்தக் குழப்பமான நாணய அடுக்கும் ஒன்று. 16 வயதுக்கு உட்பட்டவர்களுக்குப் பெற்றோர் சம்மதம் இல்லாமல் அதிர்ஷ்டப் பெட்டி விற்கக் கூடாது என்பதும் அந்த உடன்பாட்டில் இருக்கிறது.

சரி, அரை மணி நேரம் போதாதென்றால் மாதக்கணக்கில் ஆட வேண்டுமா? வேண்டாம். முதலில், அந்தக் கேமின் நடு அத்தியாயத்தையும் கடைசி அசுரனையும் யாராவது ஆடிப் பதிவேற்றிய வீடியோவில், பேச்சு இல்லாததாகப் பார்த்து, பத்துப் பத்து நிமிடம் ஓட விடுங்கள். காட்சி எவ்வளவு கடுமையாகப் போகும் என்பது தெரிந்துவிடும். பிறகு கடைப் பக்கத்தில் எத்தனை வகை நாணயம் என்று எண்ணுங்கள். மூன்றைத் தாண்டினால் உஷார். இழுப்புப் பக்கத்தின் மூலையில் 'விவரம்' என்றோ கேள்விக்குறியாகவோ ஒரு பொத்தான் இருக்கும். வாய்ப்புச் சதவீதம் அதற்குள். சாட்டும் கில்டும் எந்த லெவலில் திறக்கும் என்பதைப் பூட்டுப் படத்தைத் தொட்டால் பல கேம்களில் அதுவே சொல்லும்.

ஆட்டத்தை மூன்று நாளாகப் பிரித்து ஆடுங்கள். நடுவில் இரண்டு நாள் திறக்காமல் விடுங்கள். திரும்பி வரும்போது அது வரவேற்கிறதா, இழந்ததைப் பட்டியல் போட்டுக் காட்டுகிறதா?

கடைசியாக, புதிதாகப் பார்ப்பவர்களுக்குத் தோன்றவே தோன்றாத ஒன்று: வேண்டுமென்றே தோற்றுப் பாருங்கள். தொடர்ந்து மூன்று முறை. 'மறுபடி ஆடு' என்று மட்டும் வந்தால் அது ஒரு ரகம். தோற்ற நொடியில் 'இந்த வாளை இப்போதே வாங்கு, 59 நிமிடம் மட்டும்' என்று கடிகாரத்தோடு கடை எழுந்து நின்றால் அது வேறு ரகம். அழுகை முட்டிக்கொண்டு வரும் நேரத்தில் கை நீட்டும் கேமைச் சின்னக் குழந்தையிடம் தராதீர்கள், அதன் ரேட்டிங் 7-ஆகவே இருந்தாலும்.

ரேட்டிங்கில் எல்லாம் அடங்கிவிட்டது என்று நம்புவது

அடங்காது. ஆன்லைனில் மற்ற ஆட்டக்காரர்கள் பேசுவதை இ.எஸ்.ஆர்.பி. மதிப்பிடுவதில்லை. 'பயனர்கள் பேசிக்கொள்வார்கள்', 'கேமுக்குள் வாங்கலாம்' என்ற அறிவிப்பு, வயதைக் குறிக்கும் ரேட்டிங் எழுத்துக்குக் கீழே தனியாக வரும். எதிர்பாராப் பொருள் விற்பனையும் உண்டு என்ற கூடுதல் வரி 2020-இல் சேர்ந்தது. போன் கேம்களுக்கு கூகுள் பிளேயில் தெரியும் வயது எண், ஐ.ஏ.ஆர்.சி. முறையில் கேமை உருவாக்கியவரே கேள்விப் பட்டியலுக்குப் பதில் எழுதி வருவது.

ஸ்கிரீன்ஷாட்டை நம்புவது

அது விளம்பரம்.

அண்ணன் ஆடும்போது தம்பி பக்கத்தில் உட்காருவது

பார்ப்பவனுக்கும் வயது உண்டு.

பிறந்த ஆண்டை மாற்றிப் போடுவது

'அப்போதுதான் கேம் திறக்கிறது' என்று பெரியவர்களே செய்து தருகிறார்கள். அந்த ஓர் எண்ணில்தான் எல்லாப் பூட்டும் தொங்குகிறது. 13 தாண்டியவன் என்று பதிவானால், குழந்தைகளுக்கென்று அடைத்து வைத்த சாட், நண்பர் அழைப்பு, விளம்பரம் எல்லாம் மளமளவென்று திறந்துவிடும்.

வரிசை முக்கியம். முதலில் உண்மையான பிறந்த தேதியோடு குழந்தைக் கணக்கு. பிறகு வாங்கும் வசதிக்குப் பூட்டு: கூகுள் பிளேயில் ஒவ்வொரு முறை வாங்கும்போதும் கடவுச்சொல் கேட்கும்படி வையுங்கள், ஐபோனில் ஸ்கிரீன் டைம் அமைப்புக்குள் போய் ஆப்களுக்குள் வாங்குவதையே நிறுத்திவிடலாம். பூட்டின் எண்ணும் போனைத் திறக்கும் எண்ணும் ஒன்றாக இருக்கக் கூடாது. அது பிள்ளைக்கு ஏற்கெனவே தெரியும். அதற்குப் பிறகு கேமுக்குள் போய் வாய்ஸ் சாட், எழுத்துச் சாட், தனிச் செய்தி, நண்பர் அழைப்பு நான்கையும் தனித்தனியே அணையுங்கள். ஒன்றை அணைத்தால் மற்றது தானாக அணையாது. கன்சோலில் போட்ட தடை கேமின் சொந்தச் சாட்டைத் தொடாமலும் போகலாம். ஃபோர்ட்நைட்டில் குழந்தைகளுக்கும் சாட் முதலிலேயே திறந்து கிடந்ததைக் குற்றச்சாட்டாகச் சேர்த்துத்தான் 2022 டிசம்பரில் எபிக் கேம்ஸ் நிறுவனம் அமெரிக்க ஆணையத்தோடு 52 கோடி டாலருக்கு உடன்பட வேண்டிவந்தது.

நிமிடக் கணக்கில் நேரம் தருவது

குழுவாக மோதும் ஆட்டம் ஒன்று 20, 30 நிமிடம்கூட ஓடும். நடுவில் நிறுத்தி வைக்க முடியாது. பாதியில் வெளியேறினால் புள்ளி போகும், அடுத்த ஆட்டத்துக்குத் தடையும் விழலாம், கூட ஆடுபவர்கள் திட்டுவார்கள். நேரம் முடிந்தது என்று போனைப் பிடுங்குகிற வீட்டில் சண்டை மூள்வது இதனால்தான். "இரண்டு ஆட்டம்" என்று எண்ணிக்கையில் சொல்லுங்கள். புதிய ஆட்டம் தொடங்கும் முன் கடிகாரத்தைப் பாருங்கள்.

ஒருமுறை பார்த்ததோடு விட்டுவிடுவது

ஆன்லைன் கேம் சீசனுக்குச் சீசன் மாறும். போன மாதம் இல்லாத அதிர்ஷ்டப் பெட்டி இந்த மாதம் இருக்கும். புதிதாகச் சேர்க்கப்படும் சாட் வசதி சில கேம்களில் திறந்த நிலையிலேயே வந்து உட்காரும். மற்றவர்கள் உருவாக்கும் மோட் (கேமில் செய்து சேர்க்கும் மாற்றம்), சர்வர் (அவர்கள் நடத்தும் ஆன்லைன் ஆட்டக்களம்) ஆகியவை அசல் கேமின் ரேட்டிங்குக்குள் வராது. மைன்கிராஃப்டின் 7 அங்கே செல்லாது. பெரிய அப்டேட் இறங்கிய அன்று மூன்று இடத்தைத் திறந்து பாருங்கள்: கடைப் பக்கம், சாட் அமைப்பு, நண்பர் பட்டியல். நண்பர் பட்டியலைக் குழந்தையோடு சேர்ந்து பார்த்து, ஒவ்வொரு பெயருக்கும் "இது யார்?" என்று கேளுங்கள்.